வால்வைக் கண்டுபிடித்தவர் யார், வால்வு யாருடையது?

சென்னையில் தண்ணீர் லாரி எந்தத் தெருவுக்குள் போயிருக்கிறது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. போன வழியெல்லாம் தார்ச்சாலையில் ஈரக்கோடு கிடக்கும். பின்பக்கக் குழாயின் வால்வில் இருக்கும் ரப்பர் வாஷர் வெயிலில் காய்ந்து, இறுக்கி இறுக்கித் தேய்ந்து, ஒருபோதும் முழுதாக மூடாது. ஒரு குடம் தண்ணீருக்காக விடியற்காலையில் வரிசையில் நின்றவர்களுக்கு அந்தக் கோட்டைப் பார்த்தாலே வயிறு எரியும்.

அந்த வால்வை வைத்தே ஒரு சட்டச் சிக்கலை விளக்கப் பார்க்கிறேன். காப்புரிமை (பேட்டன்ட்) விண்ணப்பங்களை எழுதிக் கொடுப்பது என் தொழில். கிண்டி ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள காப்புரிமை அலுவலகத்துக்குப் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். தொழிற்பேட்டைப் பொறியாளர்களும் ஆய்வுக்கூட உதவியாளர்களும் என்னிடம் அதிகம் கேட்பது ஒரே கேள்விதான்: "யோசித்தது நான். பேட்டன்ட் கம்பெனி பெயரில் இருக்கிறது. இது நியாயமா?"

இதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. ஏனென்றால் இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கண்டுபிடித்தவர் யார் என்பது ஒன்று. கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்பது இன்னொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே தெளிந்துவிடும்.

அம்பத்தூரில் ஒரு பட்டறை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வால்வு செய்யும் ஒரு சிறு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாளி ஒரு நாள் எல்லோரையும் கூப்பிட்டு, "தண்ணீர் லாரிக்கு ஒழுகாத வால்வு வேண்டும், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். வடிவமைப்புப் பொறியாளர் கயல்விழி மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொள்கிறார். இதுவரை வந்த வால்வுகளில் எல்லாம் வெளியிலிருந்து திருகி இறுக்க வேண்டும். கயல்விழி அதைத் தலைகீழாக்குகிறார். அடைப்பானைத் தொட்டியின் உட்பக்கம் வைத்தால், உள்ளே இருக்கும் தண்ணீரின் அழுத்தமே அதைத் தள்ளி மூடிவிடும். திறக்கத்தான் கை பலம் வேண்டும், மூடுவதற்கு வேண்டாம்.

வரைபடம் லேத் பட்டறைக்குப் போகிறது. முப்பது ஆண்டுகளாக லேத்தில் நிற்கும் மாணிக்கம் அண்ணன் அதைக் கையில் வாங்கிப் பார்க்கிறார். "அம்மா, உட்காரும் முகத்தை இப்படி நேராக வெட்டினால் போர்வெல் மணல் நடுவில் சிக்கிக்கொள்ளும். மூடாது. கொஞ்சம் சரிவாக வெட்டி, அடியில் சுற்றிலும் ஒரு காடி எடுத்துவிடுவோம். மணல் அதற்குள் இறங்கிவிடும். அடுத்த முறை திறக்கும்போது தண்ணீரோடு போய்விடும்." கயல்விழி அப்படியே வரைபடத்தைத் திருத்துகிறார். இளைஞர் ஒருவர், தனக்குக் கொடுக்கப்பட்ட அட்டவணைப்படி, வால்வை ஐந்நூறு முறை திறந்து மூடி, ஒவ்வொரு முறையும் எத்தனை சொட்டு விழுந்தது என்று எழுதி வைக்கிறார். மேலாளர் பொருள்கள் வாங்க ஒப்புதல் தருகிறார், வாரா வாரம் கூட்டம் நடத்துகிறார், கடைசி அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறார்.

வால்வு ஒழுகவில்லை. காப்புரிமைக்கு விண்ணப்பிக்கிறார்கள். கண்டுபிடிப்பாளர்கள் என்ற இடத்தில் மூன்று பெயர்கள்: முதலாளி, மேலாளர், கயல்விழி. மாணிக்கத்தின் பெயர் இல்லை.

இந்தப் பட்டியல் தவறு. இரண்டு பெயர்கள் அதிகம், ஒரு பெயர் குறைவு.

யார் கண்டுபிடிப்பாளர்?

நம் நாட்டில் இதற்கான சட்டம் 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம். வியப்பான ஒன்று: கண்டுபிடிப்பாளர் என்றால் யார் என்று அந்தச் சட்டம் நேராகச் சொல்வதில்லை. 'உண்மையான, முதல் கண்டுபிடிப்பாளர்' என்ற தொடரைப் பயன்படுத்துகிறது. அந்தத் தொடருக்குள் யார் வர மாட்டார் என்பதை மட்டும் சொல்கிறது: ஒரு கண்டுபிடிப்பை முதலில் இந்தியாவுக்கு இறக்குமதி செய்தவர் வர மாட்டார்; வெளிநாட்டிலிருந்து முதலில் யாருக்குத் தெரிவிக்கப்பட்டதோ அவரும் வர மாட்டார். மற்றதை வழக்குகளிலிருந்தும் நடைமுறையிலிருந்தும்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அதன் சாரம் எளிமையானது. சிக்கலுக்கு விடையான அந்தக் கருத்து யார் மனத்தில் உருவானதோ அவரே கண்டுபிடிப்பாளர். பணம் போட்டதால் ஒருவர் கண்டுபிடிப்பாளர் ஆகிவிட மாட்டார். 1960இல் மைசூர் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது: முதல் போட்ட பங்குதாரர் கண்டுபிடிப்பாளர் ஆக முடியாது, ஒரு நிறுவனமும் ஆக முடியாது. அப்போது நடப்பில் இருந்தது பழைய 1911ஆம் ஆண்டுச் சட்டம். ஆனாலும் அந்தக் கருத்து இன்றைக்கும் எடுத்தாளப்படுகிறது.

இதை நம் பட்டறைக்குப் பொருத்திப் பாருங்கள். முதலாளி சொன்னது தேவையை. ஒழுகாத வால்வு வேண்டும் என்று சென்னையில் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். எப்படி ஒழுகாமல் செய்வது என்பதுதான் கண்டுபிடிப்பு. மேலாளர் செய்தது நிர்வாகம். ஐந்நூறு முறை திறந்து மூடிய இளைஞரின் உழைப்பு பெரிது, ஆனால் சொன்னதைச் சொன்னபடி செய்தார். மாணிக்கமும் வரைபடத்தில் இருந்ததை மட்டும் கடைந்து கொடுத்திருந்தால் அதே கணக்கில்தான் வருவார். அவர் அப்படிச் செய்யவில்லை. மணல் சிக்கும் என்ற சிக்கலை அவர் கண்டார், அதற்கு விடையும் சொன்னார்.

சந்தேகம் வந்தால் நாங்கள் எடுத்துப் பார்ப்பது காப்புரிமை ஆவணத்தின் கடைசிப் பகுதியை. 'உரிமைக்கோரல்கள்' என்று எண் போட்டு இருக்கும். முன்னால் இருக்கும் விளக்கமும் படங்களும் எவ்வளவு நீளமாக இருந்தாலும், சட்டம் வேலி போடுவது அந்த எண் போட்ட வாக்கியங்களைச் சுற்றித்தான். ஒவ்வொரு கோரலையும் தனியாக எடுத்துக்கொண்டு, "இந்த யோசனை யாரிடமிருந்து வந்தது?" என்று கேட்க வேண்டும். உள்ளிருந்து அழுத்தத்தால் மூடும் அடைப்பான் முதல் கோரலில் வருகிறது, அது கயல்விழியுடையது. சரிவான முகமும் மணல் இறங்கும் காடியும் நான்காவது கோரலில் வருகின்றன, அது மாணிக்கத்துடையது. கண்டுபிடிப்பு முழுவதையும் ஒருவரே செய்திருக்க வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. அதன் கணிசமான ஒரு பகுதியைக் கண்டுபிடித்தவரும் தன் பெயரைக் கேட்கலாம் என்று 28ஆம் பிரிவு சொல்கிறது. மாணிக்கம் பத்தாம் வகுப்புப் படித்தவரா, பட்டம் பெற்றவரா, சம்பளப் பட்டியலில் எந்த வரிசையில் இருக்கிறார் என்பதற்கெல்லாம் இங்கே இடமே இல்லை. இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கல்லூரிகளையும் இங்கே சொல்லியாக வேண்டும். மாணவர்களின் இறுதியாண்டுத் திட்டத்துக்குக் காப்புரிமை கேட்கும்போது, துறைத்தலைவர், முதல்வர், தாளாளர் என்று பெயர்களை மேலே அடுக்கி, யோசித்த மாணவியின் பெயரைக் கடைசியில் போட்ட விண்ணப்பம் ஒன்றை நானே கையில் வாங்கியிருக்கிறேன். மரியாதைக்காகச் சேர்த்தோம் என்றார்கள். ஆராய்ச்சிக் கட்டுரையில் நன்றி சொல்வதற்கு ஓர் இடம் உண்டு. காப்புரிமை விண்ணப்பத்தில் அப்படி ஓர் இடம் கிடையாது. அதில் எழுதப்படும் ஒவ்வொரு பெயரும் சட்டத்தின் முன் தரப்படும் உறுதிமொழி.

யாருக்குச் சொந்தம்?

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். பலரும் தடுக்கி விழுவது இங்கேதான்.

கதை, கட்டுரை, மென்பொருள் போன்றவற்றுக்கு 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. வேலையின் பகுதியாக ஓர் ஊழியர் எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், முதலாளிக்கே முதல் உரிமை என்று அதன் 17ஆம் பிரிவு நேரடியாகச் சொல்லிவிடுகிறது. காப்புரிமைச் சட்டத்திலும் அப்படி ஒரு வரி இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கிடையாது. ஊழியரின் கண்டுபிடிப்பு முதலாளிக்குப் போகும் என்று அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவுகூட இல்லை.

அதன் 6ஆம் பிரிவுப்படி காப்புரிமை கேட்டு விண்ணப்பிக்கக் கூடியவர்கள் மூன்று வகை: உண்மையான கண்டுபிடிப்பாளர், அவரிடமிருந்து உரிமையை எழுதி வாங்கிக்கொண்டவர், கண்டுபிடிப்பாளரோ உரிமை பெற்றவரோ இறந்துவிட்டால் அவருடைய சட்டப்படியான பிரதிநிதி. நிறுவனம் கண்டுபிடிக்காது, ஆகையால் அது இரண்டாவது வாசல் வழியாகத்தான் உள்ளே வர முடியும். நீங்கள் பார்க்கும் எந்த நிறுவனத்தின் இந்தியக் காப்புரிமையாக இருந்தாலும், அதன் வேரைத் தேடிப் போனால் எங்கோ ஒரு மனிதர் எழுதிக் கொடுத்த தாளில் போய் நிற்கும். 

அந்தத் தாள் பெரும்பாலும் காப்புரிமை விண்ணப்பமான படிவம் 1தான். அதில் கண்டுபிடிப்பாளர்கள் கையெழுத்துப் போடும் ஒரு பத்தி உண்டு. அதன் பொருளைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: மேலே பெயர் கண்ட நாங்களே இந்தக் கண்டுபிடிப்பின் உண்மையான, முதல் கண்டுபிடிப்பாளர்கள், இங்கே விண்ணப்பிப்பவர் எங்களிடமிருந்து உரிமை பெற்றவர். இரண்டே கூற்றுகள். முதல் பாதி உங்கள் பெயரை நிலைநாட்டுகிறது. இரண்டாம் பாதி, உரிமை உங்கள் கையைவிட்டுப் போய்விட்டது என்பதற்குச் சான்றாகிறது. மனிதவளத் துறையிலிருந்து ஒருவர் வந்து, "சின்ன ஃபார்மாலிட்டி, இங்கே ஒரு கையெழுத்து" என்று நீட்டும் தாளில் இருப்பது இதுதான். படிக்காமல் போட்டுவிட்டு வந்தவர்களை எத்தனையோ பேர் பார்த்துவிட்டேன்.

பெயர் ஒருவருடையது, உரிமை இன்னொருவருடையது என்பது தானாகவே அநீதி ஆகிவிடாது. வங்காளத்தில் பிறந்த ஆனந்த சக்ரவர்த்தி, ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்தபோது கச்சா எண்ணெயைச் சிதைக்கும் பாக்டீரியாவை உருவாக்கினார். உயிருள்ள நுண்ணுயிருக்குக் காப்புரிமை தரலாமா என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1980இல் தீர்ப்பான புகழ்பெற்ற வழக்கு அது. கண்டுபிடிப்பாளர் என்ற இடத்தில் அவர் பெயர், உரிமையாளர் நிறுவனம். அவர் பெயரை நிறுவனம் மறைக்கவில்லை. உலகம் அந்த வழக்கைச் சக்ரவர்த்தி வழக்கு என்றே சொல்கிறது.

வீட்டில் செய்தேன், ஞாயிற்றுக்கிழமை செய்தேன்

"அலுவலக நேரத்தில் செய்தால் அவர்களுடையது, வீட்டில் செய்தால் என்னுடையது" என்று ஒரு நம்பிக்கை ஊரெங்கும் இருக்கிறது. அதை நம்பி யாரும் வழக்குக்குப் போக வேண்டாம். இடமும் நேரமும் பார்க்கப்படும்தான். ஆனால் முதலில் பார்க்கப்படுவது ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது, அடுத்தது உங்களை எந்த வேலைக்காக வைத்திருக்கிறார்கள் என்பது. பிரிட்டனில் நடந்த இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது நன்றாகப் புரியும்.

ஹாரிஸ் என்பவர் ஒரு நிறுவனத்தில் வால்வு விற்பனைப் பிரிவின் மேலாளர். வேலையை விட்டு அனுப்பும் அறிவிப்பு வந்த பிறகு, அவர் வால்வு ஒன்றை மேம்படுத்தினார். அவர் விற்றுக்கொண்டிருந்த அதே வகை வால்வு. நிறுவனம் அதைத் தனக்கென்று கேட்டது. 1985இல் வெளியான தீர்ப்பில் நீதிமன்றம் ஹாரிஸ் பக்கம் நின்றது: அவருடைய கடமை வால்வை விற்பது, புதிதாகக் கண்டுபிடிப்பது அல்ல.

இயன் ஷாங்ஸ் கதை இதற்கு நேர்மாறானது. யூனிலீவர் நிறுவனக் குழுமத்தில் பயோசென்சர் எனப்படும் உயிர் உணரிகளை உருவாக்குவதற்கென்றே வேலைக்கு வைக்கப்பட்டிருந்தவர் அவர். 1982 அக்டோபரில் தன் வீட்டில் உட்கார்ந்து, மகளின் விளையாட்டு நுண்ணோக்கிப் பெட்டியிலிருந்த கண்ணாடிச் சில்லுகளையும் மைலார் என்ற பிளாஸ்டிக் தாளையும் எடுத்து, காகிதம் கவ்வும் இரும்புக் கவ்விகளால் இறுக்கி, சர்க்கரை அளவைப் பார்க்கும் கருவியின் முதல் மாதிரியைச் செய்தார். வீடு அவருடையது, பொருள் மகளுடையது. ஆனாலும் கண்டுபிடிப்பு நிறுவனத்துக்கே சொந்தம், ஏனென்றால் அதைக் கண்டுபிடிக்கத்தான் அவருக்குச் சம்பளம். ஷாங்ஸின் வழக்கு இத்துடன் முடியவில்லை, அதற்குப் பிறகு வருகிறேன்.

நம் நாட்டில் இதற்கென்று சட்டப் பிரிவு இல்லாததால் பணி நியமன உத்தரவும் அதோடு சேர்ந்த ஒப்பந்தமுமே எல்லாம். வேலைக்குச் சேரும் நாளில் கொடுக்கும் தாள்களில் 'அறிவுசார் சொத்து' என்று ஒரு பத்தி இருக்கும். அதில் ஒவ்வொரு சொல்லும் எடை உள்ளது. "எதிர்காலத்தில் எழுதித் தருவேன்" என்பதும் "இதன்மூலம் எழுதித் தருகிறேன்" என்பதும் ஒன்று போலத் தெரியும். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் இந்த வேறுபாட்டுக்குப் பெரிய விலை கொடுத்தது. அதன் ஆய்வாளர் ஒருவர் பல்கலைக்கழகத்திடம் முதல் வகை வாசகத்தில் கையெழுத்திட்டிருந்தார். பிறகு ஒரு தொழில்நுட்பம் கற்றுக்கொள்ள சீட்டஸ் என்ற நிறுவனத்துக்குப் போனபோது, அங்கே இரண்டாம் வகை வாசகத்தில் கையெழுத்திட்டார். எச்.ஐ.வி. அளவைக் கணக்கிடும் முறையில் அவருடைய பங்கு அந்தக் கையெழுத்தால் சீட்டஸுக்கும், அங்கிருந்து ரோஷ் நிறுவனத்துக்கும் போய்விட்டது. அரசு நிதியில் நடந்த ஆய்வாயிற்றே என்று பல்கலைக்கழகம் வாதாடியது. கண்டுபிடிப்பின் உரிமை முதலில் கண்டுபிடிப்பாளருக்கே என்று 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது அமெரிக்கச் சட்டம். என்றாலும் சொல்லின் எடை எந்த ஊரிலும் எடைதான்.

நம் சட்டத்தின் 68ஆம் பிரிவும் காப்புரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும், நிபந்தனைகள் முழுவதும் அந்த ஆவணத்தில் இருக்க வேண்டும் என்கிறது. "பேசிக்கொண்டோம் சார்" என்பது செல்லாது.

இன்னொரு வகை வாசகமும் வரும்: வேலையை விட்டுப் போன பிறகும் ஓராண்டோ இரண்டாண்டோ நீங்கள் கண்டுபிடிப்பது எல்லாம் எங்களுடையது. தொழில் செய்யும் உரிமையைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 27ஆம் பிரிவு இருக்கிறது. அதனால் இப்படிப்பட்ட வாசகம் நீதிமன்றத்துக்குப் போனால் கேள்விக்கு உள்ளாகும். பயந்து போய் அடுத்த வேலையில் மூளையைப் பூட்டி வைக்க வேண்டியதில்லை. அதே நேரத்தில் பழைய நிறுவனத்தில் கருக்கொண்ட யோசனையைப் புதிய நிறுவனத்தில் பிறந்ததாகக் காட்டுவதும் எடுபடாது. அரசுப் பணியில் ஆராய்ச்சி செய்பவர்களுக்கு இது இன்னும் இறுக்கம்: அரசின் அனுமதி இல்லாமல் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கக் கூடாது என்று அடிப்படை விதிகளின் 48-ஏ விதி தடுக்கிறது.

மாணவர்களின் நிலை வேறு. அவர்கள் சம்பளம் வாங்கும் ஊழியர்கள் அல்லர். எழுதிக் கொடுத்தால் ஒழிய அவர்களுடைய கண்டுபிடிப்பு அவர்களுடையது. கல்லூரி சேர்க்கைப் படிவத்திலேயே எழுதி வாங்கியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

மாணிக்கம் என்ன செய்யலாம்?

பெயர் விடுபட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எந்தக் கட்டத்தில் தெரிய வருகிறது என்பதைப் பொறுத்தே வழிகள் திறக்கும், மூடும்.

காப்புரிமை இன்னும் வழங்கப்படவில்லை என்றால் 28ஆம் பிரிவு இருக்கிறது. படிவம் 8ஐ நிரப்பி, "இந்தக் கண்டுபிடிப்பின் கணிசமான பகுதியைச் செய்தது நான்" என்று காப்புரிமை அலுவலகத்தின் கட்டுப்பாட்டாளரிடம் கோரலாம். அவர் மறுதரப்புக்கும் அறிவித்து, இருவரையும் கேட்டு முடிவு செய்வார். வெற்றி பெற்றால் காப்புரிமையில் பெயர் ஏறும். ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: பெயர் ஏறுவதால் மட்டும் காப்புரிமையில் பங்கு வந்துவிடாது என்று அதே பிரிவு சொல்லிவிடுகிறது. பெயர் தனி, சொத்து தனி என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது சட்டத்தின் சொந்தக் கருத்துதான்.

இந்தக் கோரிக்கையைக் காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். வழங்கிய மறுநாள் போய் நின்றால் அந்தக் கதவு சாத்தியிருக்கும். பெரும்பாலானோர் தவறவிடுவது இதைத்தான். நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கே இதுதான் காரணம். ஆனால் தகுதி இல்லாத ஒருவர் பெயர் ஏறியிருந்தால், அதை எதிர்த்து, அவர் பெயர் ஏறியிருக்கக் கூடாது என்ற சான்றிதழ் கேட்டு எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். நம் கதையில் முதலாளியும் மேலாளரும் இந்த வகையில் மாட்டிக்கொள்வார்கள்.

பெயர் மட்டும் போதாது, உரிமையே என்னுடையது, நான் யாருக்கும் எழுதித் தரவில்லை, என்னிடமிருந்து முறைகேடாக எடுத்துக்கொண்டார்கள் என்றால் வழி வேறு. விண்ணப்பம் வெளியான பிறகு, வழங்கப்படும் முன், 25ஆம் பிரிவின்கீழ் ஆட்சேபம் தெரிவிக்கலாம். வழங்கி அது வெளியிடப்பட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள்ளும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அதுவும் கடந்துவிட்டால் 64ஆம் பிரிவின்கீழ் காப்புரிமையை ரத்து செய்யக் கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். முறைகேடாகப் பெறப்பட்டது என்று நிரூபணமானால், ரத்தான காப்புரிமைக்குப் பதிலாக உண்மையானவருக்கே வழங்கச் சொல்லும் அதிகாரம் 52ஆம் பிரிவில் இருக்கிறது. முன்பு இந்த ரத்து மனுக்களை விசாரித்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருந்தது. 2021இல் அது கலைக்கப்பட்டது. இப்போது சென்னை உயர் நீதிமன்றத்தில் இதற்கென்றே அறிவுசார் சொத்துப் பிரிவு இயங்குகிறது.

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. லேத் ஓட்டுபவரின் பெயரைப் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன என்று நினைக்காதீர்கள். மாணிக்கம் உண்மையான கண்டுபிடிப்பாளராக இருந்து, எதையும் எழுதித் தராமல் இருந்தால், உங்கள் காப்புரிமையின் அடித்தளமே ஆடும். அவர் கூட்டு உரிமையாளராக ஆகிவிட்டால், 50ஆம் பிரிவுப்படி இருவருக்கும் சம பங்கு. அந்த வால்வை அவரே செய்து விற்கலாம், உங்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. அவருடைய சம்மதம் இல்லாமல் நீங்கள் வேறு யாருக்கும் உரிமம் தர முடியாது. பெயரைப் போட்டு, முறையாக எழுதி வாங்கி, அதற்கு ஒரு தொகையும் கொடுத்துவிடுவது அறமும்கூட, பாதுகாப்பும்கூட.

தொகை என்று ஒன்று உண்டா?

இப்போது ஷாங்ஸிடம் திரும்பலாம். கண்டுபிடிப்பைச் செய்த காலத்தில் அவருடைய ஆண்டுச் சம்பளம் 18,000 பவுண்டு. அவருடைய காப்புரிமைகள் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 2.4 கோடி பவுண்டு ஈட்டித் தந்தன. பிரிட்டனின் 1977ஆம் ஆண்டுச் சட்டம், கண்டுபிடிப்பு முதலாளிக்கே சொந்தமாக இருந்தாலும் அது மிகச் சிறந்த பலனைத் தந்திருந்தால் ஊழியருக்கு நியாயமான பங்கு தர வேண்டும் என்கிறது. பதின்மூன்று ஆண்டுகள் வழக்காடி, 2019இல் உச்ச நீதிமன்றத்தில் ஷாங்ஸ் 20 லட்சம் பவுண்டு பெற்றார்.

ஜப்பானில் ஷூஜி நாகமுரா நீல ஒளி உமிழும் டயோடு தொடர்பான கண்டுபிடிப்புக்கு நிச்சியா நிறுவனத்திடமிருந்து முதலில் பெற்றது 20,000 யென். நாம் இன்று வீட்டில் எரிக்கும் வெள்ளை எல்.இ.டி. விளக்குக்கு அந்த நீல ஒளிதான் தாய். அவர் வழக்குப் போட்டார். 2004இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2,000 கோடி யென் தரச் சொன்னது. மேல்முறையீட்டில் அடுத்த ஆண்டு சுமார் 84 கோடி யென்னுக்குச் சமரசம் ஆனது. 2014இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். ஜெர்மனியில் 1957 முதலே ஊழியர் கண்டுபிடிப்புகளுக்கென்று தனிச் சட்டம் உண்டு. நிறுவனம் எடுத்துக்கொண்டால் ஈடு தர வேண்டும்.

நம் காப்புரிமைச் சட்டத்தில் இப்படி ஒரு பிரிவு இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உண்டு, எழுதாவிட்டால் முதலாளியின் மனம். இது பெரிய குறை என்று உறுதியாக நினைக்கிறேன். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் ஆயிரக்கணக்கான இளைஞர்களின் மூளையை நம்பித் தொழில் நடத்தும் ஒரு நாட்டுக்கு, ஊழியர் கண்டுபிடிப்பைப் பற்றிச் சட்டத்தில் நான்கு வரி எழுதுவது இயலாத காரியமா?

கையில் இருக்க வேண்டியது

சட்டம் வரும்வரை கயல்விழியும் மாணிக்கமும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வழக்கு என்று வந்துவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்கு முன் பட்டறையில் நின்று பேசிய பேச்சு காற்றோடு போயிருக்கும். எழுதி வைத்தது நிற்கும். பக்க எண் அச்சிட்ட, தையல் போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். என்ன தோன்றியது, ஏன் தோன்றியது, யார் என்ன சொன்னார்கள் என்று அன்றன்றைக்கே மையால் எழுதி, தேதி போட்டு, உடன் வேலை செய்யும் ஒருவரிடம் கையெழுத்து வாங்குங்கள். நடுவில் பக்கம் விடாதீர்கள். நிறுவனத்தின் ரகசியம் அடங்கிய நோட்டு நிறுவனத்திலேயே இருக்கட்டும். வீட்டுக்கு எடுத்துப் போவது வேறு சிக்கலைக் கொண்டுவரும். வாய்ப்பேச்சில் யோசனை சொல்லிவிட்டீர்கள் என்றால் அன்று மாலையே மேலாளருக்கு இரண்டு வரி மின்னஞ்சல்: "இன்று பட்டறையில் சரிவான முகமும் காடியும் பற்றிப் பேசினோமே, வரைபடம் இணைத்திருக்கிறேன்." பணிவான கடிதம்தான். பின்னாளில் அதைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது.

பெயர் சரியாக ஏறி, காப்புரிமையும் வழங்கப்பட்டுவிட்டது என்றால், 2024இல் திருத்தப்பட்ட விதிகளில் ஒரு புதிய வசதி வந்திருக்கிறது. நடப்பில் உள்ள காப்புரிமையின் கண்டுபிடிப்பாளர் படிவம் 8ஏ மூலம் விண்ணப்பித்துத் தன் பெயரில் கண்டுபிடிப்பாளர் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். காப்புரிமைப் பத்திரம் நிறுவனத்தின் வரவேற்பறைச் சுவரில் தொங்கும். இந்தச் சான்றிதழை மாணிக்கம் தன் வீட்டில் மாட்டலாம்.

பெயர் ஏறியிருக்கிறதா என்று தெரியாதவர்களுக்கு: விண்ணப்பங்கள் பொதுவாகத் தாக்கல் செய்து 18 மாதம் கழித்து வெளியிடப்படும். வெளியான நாளிலிருந்து ஆறு மாதம் முடியும்வரை காப்புரிமை வழங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆகக் குறைந்தது அந்த ஆறு மாதம் உங்களுக்கு உண்டு. இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் தேடுதல் இலவசம். விண்ணப்பதாரர் என்ற கட்டத்தில் நிறுவனத்தின் பெயரைக் கொடுத்தால் வெளியானவை எல்லாம் வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் கண்டுபிடிப்பாளர்கள் பெயர் இருக்கும், படிவம் 1ஐயும் திறந்து பார்க்கலாம். வேலையை விட்டு வந்தவர்கள் பழைய நிறுவனத்தின் பெயரை மாதம் ஒரு முறை போட்டுப் பாருங்கள். உங்கள் யோசனை அதில் இருந்து உங்கள் பெயர் இல்லை என்றால், அந்த விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொண்டு அந்த வாரத்திலேயே ஒரு காப்புரிமை முகவரைப் போய்ப் பாருங்கள்.